பதினோராவது கேள்வி

பதினோராவது கேள்வியில் பேனா நின்றது.

அதுவரை மளமளவென்று ‘இல்லை’ போட்டுக்கொண்டே வந்தான். மஞ்சள் காமாலை இல்லை. காசநோய் இல்லை. வலிப்பு இல்லை.

கடந்த ஓராண்டில், மனைவி அல்லாத வேறு பெண்ணுடன் உறவு?

ரத்தம் கொடுக்க வந்தவனிடம் இந்தக் கருமத்தையெல்லாம் எதற்குக் கேட்கிறார்கள்.

மாடி வார்டில் பூங்கோதை படுத்திருந்தாள். அவன் மனைவி. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, ஆரம்பித்து ஒன்பது நாள். உடம்பில் ரத்த அளவு ஏழுதான்.

“ரத்தந்தாங்க கட்டிக்குள்ள ஆக்சிஜனக் கொண்டுபோகும். அது போகாத எடத்துல எத்தன கரண்ட் வெச்சாலும் கட்டி சரியாச் சாகாது” என்றார் டாக்டரம்மா, காலையில். “ரெண்டு பாட்டில் ஏத்தோணும். பதிலுக்கு யாராச்சும் குடுங்க.”

“என்ர ரத்தத்தையே எடுத்துக்குங்க. ஒருநாள் காய்ச்சல்னு படுத்ததில்லீங்க.”

சட்டைக் கையை மடக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றவன் இவன்தான். பூங்கோதை முகத்தில் அப்படி ஒரு பெருமை.

ஓராண்டு.

அவளுக்கு உதிரம் நிற்காமல் போன அதே ஓராண்டு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியோடு ராய்ப்பூர் போனவன், வீட்டுக்கு வர அருவருத்துக்கொண்டு அங்கேயே தங்கினான். தனியாகத் தங்கவில்லை.

‘இல்லை’ போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

இந்த ரத்தம் யாரோ ஒருத்திக்கு ஏறும். அவளும் இப்படித்தான் வெளிறிப்போய்ப் படுத்திருப்பாள்.

‘ஆம்’ போட்டான்.

கவுண்டரில் இருந்த பெண் படித்தாள். தலை நிமிரவில்லை.

“நீங்க குடுக்க முடியாதுங்க. வேற ஆளக் கூட்டிட்டு வாங்க.”

மாடியேறினான்.

“எடுத்துட்டாங்களா?” என்றாள் பூங்கோதை.

“பிரஷர் இருக்குதாமா. வேண்டாம்னுட்டாங்க.”

பதறிவிட்டாள், பாவி. எழுந்து உட்கார்ந்து கட்டிலில் அவனுக்கு இடம் விட்டாள். அந்தப் பக்கம் போன நர்ஸை நிறுத்தினாள்.

“சிஸ்டர், இவருக்குக் கொஞ்சம் பிரஷர் பாருங்க.”

அவன் சட்டைக் கையை மடக்கி நீட்டினான்.

நர்ஸ் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள்.

“நூத்தி இருவது, எம்பது. நல்லாத்தான இருக்குது!”

போய்விட்டாள்.

பூங்கோதை அவனையே பார்த்தாள். வெகுநேரம். நாண்டுகொண்டு செத்துவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

பிறகு தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

“எங்கண்ணனக் கூப்புடுங்க. ஏன்னு கேட்டா, பிரஷர்னே சொல்லிருங்க.”