தொண்ணூற்றைந்து கிலோ

“டொக்டர் மெலியச் சொன்னவர். உங்களுக்கு இன்னொரு இடியப்பமோ?” என்றாள் சந்திரவதனா.

“நான் மெலிஞ்சா அவையள் ஆரைத் தூக்கிப் பழகிறது?” என்றார் யோகலிங்கம்.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் கடை வைத்திருப்பவர் அவர். ஞாயிறுகளில் தீயணைப்புப் படையின் பயிற்சிக்குப் போய், புகைக்குள் மயங்கிக் கிடப்பவராக நடிக்கும் தொண்டர்.

“இண்டைக்குக் குடும்பமும் வரலாமாம். நீரும் வந்து பாருமன்.”

பயிற்சிக் கட்டடத்தின் சன்னல்கள் புகை கக்கின. அவர் உள்ளே கிடந்தார். முகமூடியும் முதுகில் சிலிண்டருமாக ஒரு சிறிய உருவம் உள்ளே நுழைந்தது.

“பொம்பிளைப் பிள்ளை போல கிடக்கு. இதுக்கு ஏலுமோ? எங்கட மகள் கம்சிகா மாதிரி ஒபீசில இருந்து வேலை செய்யலாமே!” என்று முணுமுணுத்தாள் சந்திரவதனா.

சற்று நேரத்தில் அந்த உருவம் புகையைப் பிளந்துகொண்டு பின்னோக்கி வந்தது. தொண்ணூற்றைந்து கிலோ யோகலிங்கத்தை நெஞ்சோடு அணைத்து இழுத்து வந்தது. எங்கும் நிற்கவில்லை, அவர் தலை தரையில் படவுமில்லை.

சந்திரவதனாவின் கைகள் தாமாகக் குவிந்தன. “ஆர் பெத்த பிள்ளையோ! நல்லா இருக்கோணும்.”

முகமூடி கழன்றது.

“நீங்கள் பெத்ததுதான் அம்மா,” என்றாள் கம்சிகா, மூச்சிரைக்க.

சந்திரவதனா மகளின் நெற்றி வியர்வையைக் கையால் துடைத்துவிட்டாள். பிறகு, இன்னும் கண்ணைத் திறக்காமல் கிடந்த கணவரிடம் குனிந்தாள்.

“நாளைக்கு ரெண்டு இடியப்பம் கூட வைக்கிறன்.”