பாட்டிலை விடாத சம்பந்தி

"ஸ்டிக்கர் போயிடுச்சா, பாரு."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒயின் பாட்டிலை மனைவியிடம் நீட்டினார். வெந்நீர்த் துணியைச் சுற்றி, நகத்தால் சுரண்டி, கடைசியில் மகளின் நகப்பூச்சு ரிமூவரையும் தேய்த்து, பாட்டில் கழுத்திலிருந்த சிவப்பு வட்ட ஸ்டிக்கரை ஒருவழியாக உரித்திருந்தார். 'பாதி விலை' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"போயிடுச்சு, போயிடுச்சு" என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து திரும்பாமலே. "எதுக்குங்க இந்தத் திருட்டு வேலை? தள்ளுபடியில வாங்கினோம்னு சொன்னா குறைஞ்சா போயிடுவோம்?"

"உனக்குத் தெரியாது. வர்றவர் யாரு? பெரிய ஹோட்டலுக்கு முப்பது வருஷம் ஒயின் வாங்கிப் போட்டவர். ஒரு வாய் குடிச்சா எந்த ஊரு, என்ன விலைன்னு புட்டுப் புட்டு வைப்பாராம். பொண்ணு வீட்டுல பாதி விலைச் சரக்கை ஊத்தினாங்கன்னு ஒரு பேச்சு வந்துட்டா, நாளைக்கு நம்ம பொண்ணு அங்க தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?"

மகள் தானே விரும்பிய பையன். அவன் அப்பா முதல் தடவையாக வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதருக்கு, அன்று காலையிலிருந்தே கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

மதியம் அப்பாவும் பையனும் வந்தார்கள். எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததும் கடைக்காரர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

"ஸ்பானிஷ் சிவப்பு ஒயின். அஞ்சு வருஷம் பழசு. விலை கொஞ்சம் கூடத்தான். நல்ல காரியத்துக்கு அதையெல்லாம் பார்க்க முடியுங்களா?"

சம்பந்தி வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் படித்தார். அங்கே பார்வை கொஞ்ச நேரம் நின்றது. கடைக்காரரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இடது கையால் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நானே ஊத்தறேனே. பழக்க தோஷம்."

எல்லோருக்கும் ஊற்றினார். தன் கிளாஸை முகர்ந்தார். ஒரு வாய் எடுத்து நாக்கிலேயே வைத்திருந்தார். கடைக்காரர் மூச்சு விடவில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்!

"பழ வாசனை நல்லா வருது. மரப் பீப்பாயோட மணமும் லேசா இருக்கு. துவர்ப்பு அளவோட நிக்குது" என்றார் சம்பந்தி. "நல்ல ஒயின்ங்க. நீங்க குடுத்த காசுக்கு ரெண்டு மடங்கு பெறும்."

கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. சம்பந்தி பாட்டிலைக் கீழே வைக்கவேயில்லை.

"குடுங்க, இந்தத் தடவை நான் ஊத்தறேன்."

"இருக்கட்டுங்க."

"அப்பா, பாட்டிலை மேஜை மேல வெச்சுட்டுச் சாப்பிடுங்களேன்" என்றான் பையன்.

"நீ சாப்பிடுடா."

பாட்டிலை மடியில் வைத்து, இடது கையால் அணைத்தபடியே சாப்பிட்டு முடித்தார். கடைக்காரர் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்தார். மனைவியும் மகளும் அங்கே இருந்தார்கள்.

"பார்த்தியா கூத்தை? கைக்குழந்தையைப் பிடிச்ச மாதிரி பிடிச்சுக்கிட்டு இருக்கார். மனுஷன் மொடாக்குடியனா இருப்பாரோ?"

"அவர் கிளாஸைப் பாருங்கப்பா, அப்படியே இருக்கு" என்றாள் மகள்.

"கிளாஸ் இருந்தா என்ன? பாட்டில் யார்கிட்ட இருக்கு? இந்த வீட்டுக்கு உன்னை அனுப்பிட்டு நான் நிம்மதியாத் தூங்க முடியாதும்மா. நாளைக்கு ஃபோன் பண்ணி, சரிப்பட்டு வராதுன்னு சொல்லிடறேன்."

மகளின் கண் நிறைந்துவிட்டது. அவள் விருந்தாளிகளுக்குக் கொடுத்தனுப்ப வைத்திருந்த பழக்கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கிளம்புகிற நேரத்தில்தான் சம்பந்தி ஒருவழியாகப் பாட்டிலை மேஜையில் வைத்தார். வைத்த இடது கையைச் சட்டென்று பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். வாசலில் மகள் நீட்டிய பழக்கூடையைக்கூட ஒற்றைக் கையாலேயே வாங்கினார்.

"திமிரைப் பாரு" என்று பல்லைக் கடித்தார் கடைக்காரர். "பெத்த பொண்ணு மாதிரி ஆசையாக் குடுக்கறா, ரெண்டு கையால வாங்கினா என்னவாம்?"

கார் கிளம்பியது. பையன் ஓட்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி, மகளைப் பார்த்துச் சிரித்தபடி ஜன்னல் வழியே இடது கையை வெளியே நீட்டி ஆட்டினார். பாக்கெட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய கை என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

உள்ளங்கையில் ஒரு சிவப்பு வட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. உச்சி வெயிலில் எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது. 'பாதி விலை.'

"கடையில ரெண்டு ஒட்டியிருக்கான்" என்றாள் மனைவி மெதுவாக. "நீங்க கழுத்துல இருந்ததை மட்டும் சுரண்டியிருக்கீங்க. பின்னாடி இருந்ததை அவர் கையால மறைச்சு, நமக்குத் தெரியாம உரிச்சிருக்கார்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்பா..." என்றாள் மகள் தயங்கியபடி. "நாளைக்கு அவருக்கு ஃபோன் பண்ணணும்னு சொன்னீங்களே?"

"பண்ணத்தான் போறேன். கல்யாணத்துக்கு ஒயின் வாங்கணுமே, எந்தக் கடையில தள்ளுபடின்னு சம்பந்திகிட்டதானே கேட்கணும்!"