இரண்டாவது முடிச்சு

காற்று அவர் மூக்கின் மேல் சீறிக்கொண்டிருந்தது.

குழாய் வழியாக, மாஸ்க் வழியாக, நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஆக்சிஜன். கவனிப்பில் குறையே சொல்ல முடியாது.

அவருக்கு மூச்சு மூக்கில் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றோடு மூக்குக்கும் நெஞ்சுக்கும் தொடர்பு அற்றுப்போனது. கழுத்தின் அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் துளை. மூச்சு போவதும் வருவதும் அதன் வழியாகத்தான்.

அந்தத் துளையை இங்கே யாரும் பார்க்கவில்லை.

பார்க்கவிடாமல் செய்தவர் அவரே. குளித்தலைக் கடைவீதியில் முப்பது வருடம் தையல்காரர். எதிரே இருப்பவர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று, தன் சட்டைக் காலர் ஒவ்வொன்றிலும் மெல்லிய மல் துணியில் ஒரு மறைப்பு சேர்த்துத் தைத்துக்கொண்டார். பின்கழுத்தில் இரட்டைக் கொக்கி. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கே தெரிந்ததில்லை. அத்தனை நறுவிசு.

பாழாய்ப்போன நறுவிசு.

வைரஸ் காய்ச்சல் நெஞ்சுவரை இறங்கியிருந்தது. கேஸ் ஷீட்டில் ‘தொண்டை ஆபரேஷன்’ என்று எழுதியிருந்தார்கள். டான்சில் எடுத்தவனுக்கும் அதைத்தான் எழுதுவார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரி கொடுத்த விவர அட்டை மனைவி வேதவல்லியின் பையில் இருந்தது. தொற்று வார்டில் துணைக்கு ஆள் கூடாது என்பதால் வேதவல்லி வாசலுக்கு வெளியே இருந்தாள்.

“அவருக்குக் கழுத்து வழியாத்தாங்க மூச்சு,” என்று காவலாளியிடம் சொன்னாள்.

“எல்லாருக்கும் அப்படித்தாம்மா. ஓரமா உக்காருங்க.”

உள்ளே, ஆக்சிஜன் அளவு பார்க்க அவர் விரலில் மாட்டிய கிளிப் எண்பத்திரண்டு காட்டியது. தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டியது.

காலையிலிருந்து நான்கு முறை மாஸ்க்கைக் கழுத்துக்கு இழுத்துவிட்டார். நான்கு முறையும் சிஸ்டர் பிளசி அதைத் திரும்ப மூக்குக்கு ஏற்றினாள். அவர் சத்தமில்லாமல் வாயசைத்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தாள். நாற்பது கட்டில்களுக்கு இரண்டு சிஸ்டர்கள். ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்கு எங்கே நேரம்?

ஐந்தாம் முறை, ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று ஷீட்டில் எழுதினாள். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியால் அவர் கைகளைக் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டுப் போனாள்.

குரல் போனவருக்குக் கைதான் வாய். அதையும் கட்டியாயிற்று.

அவர் முடிச்சைப் பார்த்தார். அந்தத் திணறலிலும் பார்த்தார். தொழில் புத்தி எங்கே போகும்?

மட்டமான முடிச்சு.

வலது கையின் இரண்டு விரல்களை மடக்கி நுனியைப் பிடித்து இழுத்தார். கழன்றுகொண்டது.

மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கி அழுத்திப் பிடித்தார். மல் துணியைத் தாண்டிக் காற்று உள்ளே போனது.

போனது.

எண்பத்தெட்டு. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று மூன்று.

அழுவதற்குக்கூட இப்போது தெம்பு வந்திருந்தது. அழுதார்.

துணியைக் கழற்றிவிட வேண்டும். துளையைக் கண்ணால் பார்த்துவிட்டால் எந்த மடையனுக்கும் விளங்கிவிடும். மாஸ்க்கைக் கழுத்திலேயே விட்டுவிட்டு, கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனார். முதல் கொக்கி விட்டது. இரண்டாவது விடவில்லை. அவர் வைத்த கொக்கி, அவ்வளவு லேசில் விடாது.

இன்னும் கொஞ்சம். நகம் உள்ளே போய்விட்டது.

அந்தக் கையைப் பிளசி பிடித்தாள்.

கிளிப்பைப் பார்த்தாள். பாதுகாப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் சிரித்தன. அன்று காலையிலிருந்து அந்த வார்டில் அவள் பார்த்த ஒரே நல்ல நம்பர்.

“பாத்தீங்களாப்பா? கையைக் கட்டினதும் எப்படி ஏறிடுச்சு!”

அவர் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். வாயசைத்தார்.

“தண்ணி அப்புறம் தரேன்.”

கழுத்துக்கு ‘நழுவியிருந்த’ மாஸ்க்கைத் தூக்கி மூக்கின் மேல் பொருத்தினாள். நாடாவை இறுக்கினாள். கலைந்திருந்த காலரைச் சரிசெய்து, விட்டிருந்த கொக்கியையும் மாட்டிவிட்டாள். எல்லாவற்றையும் அன்பாகத்தான் செய்தாள்.

பிறகு கையைக் கட்டினாள். அவசரப்படாமல், இரண்டு சுற்று சுற்றி, நுனியை அடியில் செருகி.

அவர் முடிச்சைப் பார்த்தார்.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.