வாசலில் கழற்றிய செருப்பு

ஜூன் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, நாடகப் பட்டப்படிப்புக்காக மகள் செண்பகவல்லிக்கு இடம் கொடுத்திருந்த இரண்டு கல்லூரிகளில் இரண்டாவதன் ஒத்திகைக் கூடத்துக்கு அய்யாத்துரை வந்து சேர்ந்தார். முதல் கல்லூரி வீட்டுக்கு அருகில் இருந்தது. அதன் அரங்கில் நானூறு மெத்தை நாற்காலிகள் இருந்தன. அதையே அவர் முடிவு செய்திருந்தார். இங்கே சேர்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். முன்னால் ஓடிய மகள், கூடத்தின் வெறுந்தரையில், ஒப்பாரி வைக்கும் மாணவர்களின் நடுவே பிணமாகக் கிடந்தாள். அய்யாத்துரை வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். தோள் துண்டு தானாகக் கைக்கு வந்தது.

“செருப்போடயே வாங்க ஐயா, ஒத்திகைதான். படுக்க வேண்டிய பொண்ணு இன்னைக்கு வரல, அதான் இவங்களப் படுக்கச் சொன்னோம்,” என்றான் ஒரு மாணவன்.

“தெரியுது தம்பி,” என்றவர் உள்ளே வரவில்லை.

காட்சி முடிந்ததும் செண்பகவல்லி எழுந்து, முதுகுத் தூசியைத் தட்டிக்கொண்டு வந்தாள். “என்னப்பா, வெறுங்காலோட நிக்கீங்க?”

“ஏட்டி, மூச்சு விட்டியா இல்லையா?”

“விட்டேன். உங்களுக்குத் தெரியாம விட்டேன்.”

முதல் கல்லூரிக்கு வரவில்லை என்று அன்று மாலையே அப்பாவும் மகளும் எழுதி அனுப்பினார்கள். அதற்கு முன்பே, இரண்டாவது கல்லூரியின் சேர்க்கைப் படிவத்தில் அய்யாத்துரை வெறுங்காலோடு நின்று கையெழுத்திட்டிருந்தார்.