தட்டில் வைத்த பட்டு

அம்மா இறந்து மூன்று மாதமாகிறது. பூந்தமல்லி தாண்டி நேமத்தில் அவள் விட்டுப்போன ஒரு ஏக்கர் வயலுக்கு வாரிசு இரண்டு பேர்தான், ஓர் அண்ணன், ஒரு தங்கை. இன்று ஒருவர் வெற்றிலைபாக்குத் தட்டும் விடுதலைப் பத்திரமுமாக இன்னொருவரின் வீட்டுக்கு வந்திருந்தார்.

“உனக்கு எதுக்கு அந்த நெலம்? மாமனார் ஊட்டுல ராஜபோகமா கீற.”

எதிரே உட்கார்ந்திருந்தவர் பத்திரத்தை எடுத்துப் புரட்டினார்.

“இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்துடு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சீர் தவறாம வந்துரும்.”

“எனக்கும் அதுல பங்கு கீதுல்ல?”

“யாரு இல்லன்னா? ஆனா பங்கு கேட்டா நாலு பேரு இன்னா பேசுவாங்க? நெலம் வோணுமா, கூடப் பொறந்த பொறப்பு வோணுமா? நீயே சொல்லு.”

தட்டு இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

“உனக்குன்னு பட்டு எடுத்தாந்துகீறேன். பிரிச்சிப் பாரு.”

பிரித்தால், பட்டு வேட்டி.

அம்பத்தூரில் மனைவியின் பிறந்த வீட்டோடு தங்கிவிட்ட தங்கவேல், முகம் சுருங்க நிமிர்ந்தார்.

“இன்னாம்மா இது? பொம்பளைங்களாண்ட பேசற பேச்சையெல்லாம் என்னாண்ட பேசினுகீற?”

காலையில் நாற்று நட்ட சேறு வேம்புலியம்மாளின் நகக்கண்ணில் இன்னும் இருந்தது.

“போன ஞாயித்துக்கெழம என் ஊட்டாண்ட வந்து நீ பேசினதுதாண்ணே. பொடவைக்கு பதிலா வேட்டி, அவ்ளோதான். மத்தபடி ஒரு வார்த்தகூட மாத்தல. பங்கு கீதுல்லன்னு அன்னிக்கு நானும்தான் கேட்டேன்.”