மேசைக்கு அடியில் ஒரு கிரேன்

"கூப்பிட்டா வரமாட்டா. வேணும்னா நீங்க கீழ போங்க," என்றாள் மனைவி, சூப்பை ஊற்றிக்கொண்டே.

கிரேன் ஓட்டுகிறவன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்தான்.

புகுந்தான் என்று சொல்வது சுலபம். ஆறடி ஆள். முட்டியை மடக்கி, தோளை இடித்து, உச்சந்தலையில் நன்றாக ஒன்று வாங்கிக்கொண்டுதான் உள்ளே போய்ச் சேர்ந்தான்.

அங்கே அவன் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு வயசு. வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். உருவமும் அப்படி, காரமும் அப்படி.

இருபத்தோரு நாளாகக் கடுகுக்கு ராத்திரிச் சாப்பாடு இங்கேதான். நீலப் போர்வையை மேசைமேல் விரித்து நாலு பக்கமும் தொங்கவிடுவாள், தட்டோடு உள்ளே போய்விடுவாள். கெஞ்சிப் பார்த்தாயிற்று, ஐஸ்கிரீம் என்று ஆசை காட்டியாயிற்று. ஊஹூம், அசையவில்லை.

அவளுடைய காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட அவனுக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு எப்படியாவது பிள்ளையை மேலே கொண்டுவந்துவிட வேண்டும். அதற்காகவே சீக்கிரம் வீட்டுக்கு வந்து, தன் கையாலேயே உருளைக்கிழங்கு வறுத்திருந்தான். உருளைக்கிழங்கு என்றால் கடுகு உயிரை விடுவாள்.

உள்ளே வந்ததும் வந்த காரியமே மறந்துபோயிற்று.

அறை விளக்கின் வெளிச்சம் போர்வை வழியே வடிந்து எல்லாமே நீலமாக இருந்தது. தட்டு நீலம், கடுகின் மூக்கு நீலம், அவன் கை நீலம். ஃப்ரிட்ஜின் முனகல் எங்கேயோ தூரத்தில் கப்பல் போவதுபோல் கேட்டது. மேசைப் பலகையின் அடிப்பக்கத்தில் சாக்பீஸால் மீன் வரைந்திருந்தாள். மேகம் வரைந்திருந்தாள். நடுவில் நீளக் கழுத்தோடு ஒரு கிரேன், அதன் உச்சிப் பெட்டியில் மீசை வைத்த ஒருத்தன்.

பகலெல்லாம் இருபது மாடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவன் கடலுக்கு அடியில் வந்து சேர்ந்துவிட்டோமே என்று நினைத்தான். அடடா, வீட்டிலேயே இப்படி ஒரு இடம் இருப்பது தெரியாமல் போயிற்றே. இதை விட்டுவிட்டு யார்தான் மேலே வருவார்கள்?

மனைவி போர்வையை விலக்கித் தண்ணீர் டம்ளரை உள்ளே வைத்தாள். கண்ணாடி டம்ளர். நாலாக வாங்கியது, இப்போது மூன்றுதான். ஒன்று கை பட்டு உடைந்துவிட்டது.

கடுகு சுட்டுவிரலைக் கீழே நீட்டி ஒரு வட்டம் போட்டாள்.

இறக்கு.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவன் வேலையிடத்துச் சைகை. அந்த உயரத்துக்குக் கீழே நிற்கிறவன் குரல் கேட்காது, கைதான் பேசும். சாப்பிடும்போது ஒவ்வொன்றாக அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். விரல் மேலே பார்த்துச் சுற்றினால் தூக்கு. கீழே பார்த்துச் சுற்றினால் இறக்கு. இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி ஆட்டினால் நிறுத்து. அந்தக் கடைசிச் சைகைக்கு மட்டும் தனிச் சட்டம். அதை யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். எஞ்சினியரும் சரி, தரை பெருக்குகிறவரும் சரி. ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது.

கரண்டியில் ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்தான். கை கிரேன் ஆயிற்று. வாயால் மோட்டார் சத்தமும் போட்டான்.

தூக்கு என்றாள். தூக்கினான், கரண்டி மீனின் வயிற்றில் இடித்தது. கடுகு கலகலவென்று சிரித்தாள். இருபத்தோரு நாள் கழித்துக் கேட்கிற சிரிப்பு. அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இறக்கு என்றாள். இறக்கினான். பாதி வழியில் இரண்டு கையையும் நீட்டி ஆட்டினாள். நிறுத்தினான்.

அவள் கரண்டியைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தாள்.

மறுபடியும் நீட்டினாள். நிறுத்தினான். இறக்கு என்பதுபோல் போக்குக் காட்டிவிட்டுச் சட்டென்று நீட்டினாள். அப்போதும் நிறுத்தினான்.

"பாத்தியா, அப்பா எப்படி நிறுத்துறேன்! வா, மேல உக்காந்து விளையாடலாம்."

உற்சாகத்தில் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. கடுகு மேசைக் காலோடு ஒட்டிக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. இங்கன்னா உன்னால எந்திரிச்சு நிக்க முடியாதுல்ல."

ஃப்ரிட்ஜ் சத்தம் நின்றுபோயிற்று.

இருபத்தோரு நாளைக்கு முன்னால், அன்றைக்கு அவன் எழுந்து நின்றான். கடுகின் கையிலிருந்து கொட்டிப்போனது ஒரு வாய் பால், அவ்வளவுதான். அவன் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. டம்ளர் கை பட்டு உடையவில்லை, அவன்தான் சுவரில் எறிந்தான். எவ்வளவு நேரம் கத்தினான் என்பது ஞாபகமில்லை. எதிரே யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் ஞாபகமில்லை.

"அன்னிக்கும் நான் காட்டினேன்," என்றாள் கடுகு. "ரெண்டு கையும் நீட்டி."

அவன் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. மேலே மனைவி, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள். உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. இறக்கச் சொல்லி அந்தச் சின்ன விரல் எப்போது சுற்றுமோ என்று பார்த்தபடி, குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தான்.