இன்னும் ஏறும்

"இப்பக் கொஞ்சம் எறங்கிருக்கு. திரும்ப ஏறிரும்ல, சார்?"

சோலைமுத்து தோள் துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இனிகோவுக்கு அதில் உட்காரவே கூசியது.

திண்டுக்கல் பள்ளிக்கூடம் ஒன்றில் இனிகோ கணக்கு வாத்தியார். வகுப்பு இல்லாத நேரங்களில் செல்போனில் ஷேர் வாங்கி, அன்றைக்கே விற்றுவிடுவார். கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சக ஆசிரியர்கள் நம்பினார்கள். குஜிலியம்பாறையில் விவசாயம் பார்க்கும் சோலைமுத்துவும் நம்பினார். வாரம் தவறாமல் போன் செய்து கேட்பார். "இன்னும் ஏறும்ணே, கைவிட்றாதீங்க" என்பார் இனிகோ. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் சோலைமுத்து ரோட்டோரத் தோப்பை விற்று ஷேர் மார்க்கெட்டில் போட்டிருந்தார்.

உள்ளேயிருந்து அவர் மகள் புவனேஸ்வரி காபி கொண்டுவந்தாள். காந்திகிராமத்தில் காலேஜ் படிக்கிற பெண்.

"காபி இருக்கட்டும்மா" என்றார் இனிகோ. "அண்ணே, மிச்சம் இருக்கிறத இன்னைக்கே வித்துருங்க. இது நிக்காது. என்னோடது எல்லாம் போச்சு. வீட்ல எம் பொண்டாட்டி நான்சிகிட்டகூட இன்னும் சொல்லல."

சோலைமுத்து துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"போன வாரம்கூட அம்புட்டு உறுதியாச் சொன்னீங்களே, சார்."

"நானாச் சொல்லலண்ணே." இனிகோவின் காது மடல் வரை சூடேறியது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு உண்மையிலேயே ஒண்ணும் தெரியாது. டெலிகிராம்ல 'திண்டுக்கல் காளை'ன்னு ஒருத்தர் எழுதுறாரு. பேரும் தெரியாது, முகமும் தெரியாது. ஊருப்பட்ட சனம் அவர் பேச்சக் கேட்டுத்தான் வாங்குது. அவர் ஏறும்னு போட்டா, நானும் உங்ககிட்ட ஏறும்பேன். என் சொந்த மூளையில உதிச்ச மாதிரி பேசிட்டேன். உங்க தோப்பு போனதுக்கு நாந்தான் காரணம். என்னைய மன்னிச்சிருங்க."

சோலைமுத்து தரையிலேயே உட்கார்ந்தார். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது இனிகோவுக்கு.

புவனேஸ்வரி காபித் தட்டைத் தரையில் வைத்தாள். அவள் அப்பாவின் பக்கம் பார்க்கவே இல்லை.

"சார்..." என்றாள். "அந்தக் காளை நாந்தான். நீங்க அப்பாட்ட போன்ல சொல்றதத்தான் சார், நான் வாராவாரம் அதுல எழுதுனேன்."